அசலும் பலனும்: ஜான் சல்ஸ்டனின் 'தி காமன் த்ரெட்' நூலை முன்வைத்து

மனிதன் இறந்ததும் அவனுடைய செயல்கள் முற்றுப்பெறுகின்றன என்றும், மூன்று மட்டுமே தொடர்கின்றன என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் அறிவோம். நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, பெற்றோருக்காக துஆச் செய்யும் நன்மக்கள் ஆகியவையே அம்மூன்று. இவற்றுள் முதல் இரண்டையும் நாம் வழக்கமாகத் தனித்தனியே விளக்கி வருகிறோம். தர்மம் எனில் கிணறு, பாலம், பள்ளிவாசல். கல்வி எனில் எழுதிய நூல், உருவாக்கிய மாணவர். ஒரு தர்மச் சொத்தின் வருவாயைக் கொண்டு இதுவரை எவரும் அறியாத ஓர் அறிவைத் தேடி எடுத்து, அதை உலகம் முழுமைக்கும் பொதுவாக்கினால், அது முதல் வகையைச் சாருமா, இரண்டாம் வகையைச் சாருமா? வக்ஃபுப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்திவரும் நமக்குள் இவ்வினாவை எழுப்பியது ஃபிக்ஹு நூலன்று. ஓர் ஆங்கிலேய விஞ்ஞானி எழுதிய அனுபவ நூலேயாகும்.

ஜான் சல்ஸ்டன், அறிவியல் எழுத்தாளர் ஜார்ஜினா ஃபெரியுடன் இணைந்து எழுதிய 'தி காமன் த்ரெட்' 2002இல் வெளிவந்தது. 'பொது இழை' என அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். மனித உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளை வரிசைப்படுத்திய மனித மரபணுத் திட்டத்தின் வரலாறு அது. அதே ஆண்டில், நூற்புழு ஆய்வுக்காக, சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ் ஆகியோருடன் சல்ஸ்டன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார், 2018இல் காலமானார். இந்நூலை இன்று நாம் மீண்டும் எடுத்துப் பேசுவது மரபணுவியலை விளக்குவதற்காக அன்று. ஓர் அறக்கட்டளையின் பணம் ஓர் அரசின் அறிவியல் கொள்கையை எவ்வாறு திருத்தியது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சியம் அரிது. அச்சாட்சியத்தில் விடுபட்டவை எவை என்பதும் ஆராயத்தக்கது.

சல்ஸ்டன் கேம்பிரிட்ஜில், அரசு நிதியில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஒரு மில்லிமீட்டர் நீளமேயுள்ள நூற்புழுவின் மரபணுத்தொகுதியை அமெரிக்காவின் ராபர்ட் வாட்டர்ஸ்டனுடன் சேர்ந்து ஆராய்ந்து கொண்டிருந்தார். அவ்வேளையில் இருவரையும் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல முதலீட்டாளர் ஒருவர் முயன்றார். அரசுகளின் போக்கோ அதைவிடக் கவலைக்குரியதாக இருந்தது. அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனம், பயன் இன்னதென்று அறியப்படாத மரபணுத் துண்டுகளுக்கு 1991இல் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது. அதைக் கண்ட பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் 1992இல் அவ்வாறே விண்ணப்பித்தது. பின்னர் இரு தரப்பும் அவற்றைக் கைவிட்டன என்பது உண்மையே. ஆயினும் பொதுமக்களின் வரிப்பணத்தில் கிடைத்த அறிவுக்கு வேலி கட்ட முதலில் முனைந்தவை அரசு நிறுவனங்களே என்பதை மறத்தற்கில்லை.

இந்நிலையில் முன்வந்தது வெல்கம் அறக்கட்டளை. மருந்து வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஹென்றி வெல்கம் 1936இல் இறந்தபோது, அவருடைய உயிலின்படி உருவானது அது. மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தோடு சேர்ந்து, கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஹிங்ஸ்டன் சிற்றூரில் அது நிறுவிய சாங்கர் மையம் 1993இல் திறக்கப்பட்டது. சல்ஸ்டன் அதன் முதல் இயக்குநரானார்.

நூலின் உச்சப் பகுதி என நாம் கருதுவது 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் நடைபெற்ற கூட்டத்தைப் பற்றியதாகும். வரிசைப்படுத்தப்படும் தரவுகளை இயன்றவரை 24 மணி நேரத்திற்குள் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும்; அவற்றின்மீது காப்புரிமை கோரலாகாது என்று அங்கே முடிவாயிற்று. ஆய்வாளர் தம் முடிவுகளை அச்சேறும்வரை ஒளித்துவைப்பதே வழக்கமாக இருந்த துறையில் இது பெரும் மாற்றமாகும். நமது வரலாற்றிலிருந்து ஒன்றை ஈண்டு ஒப்பிடலாம். நுரையீரல் வழியே இரத்தம் ஓடும் முறையை விளக்கிய இப்னு நஃபீஸ், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் வக்ஃபாக எழுப்பிய மருத்துவமனைக்குத் தம் இல்லத்தையும் நூலகத்தையும் வழங்கிவிட்டு 1288இல் மறைந்தார். ஆயினும் அவருடைய அந்த விளக்கம் நவீன உலகின் கவனத்திற்கு வந்தது, 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி பெர்லின் நூலகத்துச் சுவடியை ஆராய்ந்த பின்னரே. அறிவு வக்ஃபு செய்யப்பட்டால் மட்டும் போதாது. அது பரவவும் வேண்டும். பெர்முடா முடிவின் அருமை நமக்கு இவ்வாறே விளங்குகிறது.

அடுத்த சோதனை 1998 மே மாதத்தில் வந்தது. பின்னர் செலரா எனப் பெயர் பெற்ற தனியார் நிறுவனத்தின் வாயிலாக, மனித மரபணுத்தொகுதியை மூன்றே ஆண்டுகளில் முடிப்பதாகக் கிரெய்க் வென்டர் அறிவித்தார். இனி அரசுப் பணம் எதற்கு என்னும் கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. சில நாட்களுக்குள் வெல்கம் அறக்கட்டளை தன் பங்களிப்பை மொத்தம் 20.5 கோடி பவுண்டாக உயர்த்தியது. மனித மரபணுத்தொகுதியில் மூன்றில் ஒரு பங்கைச் சாங்கர் மையமே முடிக்கும் என்றும், வெறும் வரிசைக்குக் காப்புரிமை கோருவோரை எதிர்க்கவும் தயார் என்றும் அறிவித்தது. தளரவிருந்த பொதுத் திட்டம் நிமிர்ந்து நின்றது. 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளின்டனும் பிரிட்டிஷ் பிரதமர் பிளேரும், அடிப்படைத் தரவுகள் எல்லா விஞ்ஞானிகளுக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் எனக் கூட்டறிக்கை விடுத்தனர். அறக்கட்டளை அதற்கு முன்பே நடைமுறையில் நிலைநாட்டியிருந்ததையே அரசுகள் பின்னர்ச் சொல்லால் உறுதி செய்தன எனலாம்.

நூலின் மிகப் பெரிய வலிமை அதன் நேர்மை. 2000 ஜூன் 26 அன்று, பணி முடிவதற்கு முன்பே, இரு தரப்பும் ஒருசேர வெற்றி கொண்டாடிய நிகழ்ச்சி அரசியல் சமரசமே என்பதைச் சல்ஸ்டன் மறைக்கவில்லை. அதில் தமக்கிருந்த சங்கடத்தையும் சொல்கிறார். முழுமையான வரிசை நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது 2003 ஏப்ரலில்தான். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவைத் தேடியபோது காப்புரிமையால் நேர்ந்த மோதலை அவர் விவரிக்கும் பக்கங்கள், 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இயற்கையான டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை இல்லை எனத் தீர்ப்பளித்த பின்னர் மேலும் பொருள் பெறுகின்றன. எனினும் இது வழக்கில் ஒரு தரப்பின் வாக்குமூலம். மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்பது நமது நீதி மரபு. வென்டர் தம் வரலாற்றை 2007இல் வெளியிட்டார். இரண்டையும் அருகருகே வைத்தே வாசகர் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

ஆனால் நமது முதன்மையான குறை வேறு. இந்நூலில் அறக்கட்டளை நல்லவர்களின் பக்கம் நிற்கிறது. ஆதலால் அதன் அதிகாரம் கேள்விக்குரியதாகத் தோன்றுவதில்லை. அந்த அதிகாரத்தின் வேரையும் கிளையையும் நூலுக்கு வெளியிலும் சென்று பார்க்க வேண்டியுள்ளது.

முதலில் வேர். வெல்கம் மருந்து நிறுவனத்தின் பங்குகளை அறக்கட்டளை 1986வரை முழுமையாகத் தன்னிடமே வைத்திருந்தது. பின்னர்ப் படிப்படியாக விற்று, 1995இல் அந்நிறுவனம் கிளாக்ஸோவின் கைக்குச் சென்றது. அதே நிறுவனந்தான் எய்ட்ஸ் நோய்க்கான முதல் மருந்தாகிய ஏ.இஸட்.டி.யை 1987இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர் என்ற அதன் விலை நோயாளிகளின் கடும் போராட்டத்திற்குப் பின்னரே குறைந்தது. அம்மருந்தின் மூலக்கூறோ, 1964இல் அமெரிக்க அரசின் நிதியுதவியோடு மிச்சிகன் புற்றுநோய் அமைப்பில் ஜெரோம் ஹார்விட்ஸ் உருவாக்கியது. அது பொதுப்பணத்தில் பிறந்தது, காப்புரிமையால் வேலியிடப்பட்டது. அத்தகைய வேலிகளால் பெருகிய செல்வத்தின் ஒரு பகுதியே பிற்காலத்தில் மரபணுவுக்கு வேலி கூடாது எனப் போராடியது. இதனால் பின்னர்ச் செய்த நன்மை நன்மையன்று என நாம் கூறவில்லை. அறத்தின் வரலாற்றை எழுதுவோர் அசல் வந்த வழியையும் எழுத வேண்டும் என்கிறோம்.

அடுத்துக் கிளை. டைமண்ட் எனப் பெயரிடப்பட்ட சின்க்ரோட்ரான் ஒளி நிலையத்தை அமைக்கப் பிரிட்டனில் திட்டமிட்டபோது, செலவில் 86 விழுக்காடு அரசுடையது. 14 விழுக்காடு வெல்கம் அறக்கட்டளையுடையது. இத்துறையில் நெடுங்கால அனுபவமுடைய செஷயர் மாவட்டத்து டேர்ஸ்பரி ஆய்வகம் அது தன்னிடமே வருமென எதிர்பார்த்தது. அறக்கட்டளையின் விருப்பம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள ஆய்வகத்தின் பக்கம் இருந்தது. 2000 மார்ச்சில் அரசு அறிவித்த முடிவும் அதுவே. நாடாளுமன்றத்திலும் வடமேற்கு இங்கிலாந்திலும் பெருங்குரல் எழுந்தது. டேர்ஸ்பரியின் பழைய ஒளி நிலையம் 2008இல் மூடப்பட்டது. அறிவியல் நோக்கில் முடிவு சரியானதாக இருக்கலாம். அது நமது வாதமன்று. 86 பங்கு கொடுத்த மக்களின் குரலோடு ஒப்பிட, 14 பங்கு கொடுத்தவரின் விருப்பம் எவ்வளவு எடை பெற்றது என்பதே நமது வினா. மேலும், மருத்துவ அறக்கட்டளைகள் பல்கலைக்கழக ஆய்வுக்குத் தரும் தொகையில் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுகள் பெரும்பாலும் அடங்குவதில்லை. அவ்விடைவெளியை ஈடுசெய்ய இங்கிலாந்தில் அரசே தனி நிதி வழங்கி வருகிறது. ஆகவே, ஓர் அறக்கட்டளை எந்நோயை ஆராய்வது என முடிவு செய்யும்போது வரிப்பணமும் அதன் பின்னே செல்கிறது.

இவ்விடத்தில் வக்ஃபுச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அசலை நிறுத்திவைத்துப் பலனைத் தர்மமாக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலத்தை விற்கவோ, அன்பளிப்பாக அளிக்கவோ, வாரிசுரிமையாக்கவோ இயலாது. அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம், செல்வம் சேர்க்கலாகாது. பின்வந்த சட்ட அறிஞர்கள் இதிலிருந்து இரண்டு நெறிகளை வகுத்தனர். முத்தவல்லி பொறுப்பில் இருக்கும்வரை அவருடைய முறையான நிர்வாகத்தில் ஆட்சியாளர் தலையிடலாகாது. ஏனெனில் பொது அதிகாரத்தைவிடத் தனிப் பொறுப்பு வலியது. அதேவேளை, சொத்து முத்தவல்லியின் கையில் அமானிதம். அவர் மோசடி செய்தால் வக்ஃபு செய்தவரின் நிபந்தனையே குறுக்கே நின்றாலும் காஜி அவரை நீக்கலாம். முதல் நெறி இல்லையேல், 1992இல் வென்றிருப்பது அரசுகளின் காப்புரிமை ஆசையே. இரண்டாம் நெறி இல்லையேல், நல்லவர்களின் கையிலுள்ள பணம் நாளை யார் கைக்குச் சென்றாலும் கணக்குக் கேட்பார் இல்லை. சல்ஸ்டனின் நூல் முதல் நெறிக்கு வலுவான சான்று. இரண்டாவதைப் பற்றிய கவலை அதில் போதிய அளவு இல்லை.

இக்குறையைச் சுட்டுவதால் நூலின் மதிப்புக் குறைந்துவிடாது. ஃபிக்ஹு வகுப்பில் வக்ஃபு அத்தியாயத்தை ஓதும் மாணவருக்கு இந்நூலின் சாரத்தை எடுத்துரைத்தல் வேண்டும் என்பதே நமது பரிந்துரை. கிணற்றின் பலன் நீர். தோட்டத்தின் பலன் கனி. ஆய்வகத்தின் பலன் அறிவு. நீரைத் தடுப்பதைக் கண்டிக்கும் நாம், அறிவைத் தடுப்பதையும் அவ்வாறே கண்டிக்கக் கற்க வேண்டும். தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு நம் விடையும் இதுவே: பலன் எல்லாருக்கும் சென்று சேரும்வரை அத்தகைய பணி தர்மமாகவும் கல்வியாகவும் ஒருசேர நிற்கும், அதை நடத்துவோர் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கும்வரையே அந்த நிலை நீடிக்கும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.