நிரல் திறந்திருக்கிறது, தேர்வு?

2021 நவம்பரில் திருப்பதியில் கொட்டிய மழையில் சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டது; திருமலை மலைப்பாதைகளை மூட வேண்டியதாயிற்று. அப்படியொரு மழையைக் கணினியில் மறுபடி பெய்ய வைப்பது இன்று ஓர் ஆராய்ச்சி மாணவருக்கும் சாத்தியம். டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மென்பொருளை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். காற்றின் ஓட்டத்துக்கான சமன்பாடுகளை நூற்றுக்கணக்கான செயலிகளுக்குப் பங்கிட்டுத் தீர்க்கும் ஃபோர்ட்ரான் நிரல் அது. அமெரிக்காவின் வளிமண்டல ஆராய்ச்சி மையமான என்கார் முதலான நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே, காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் இதுதான் ஓடுகிறது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதல்களுக்கான வானிலைக் கணிப்புக்கும் அந்நிலையம் உதவுகிறது. அங்கே 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று உண்டு. தலைக்கு மேல் காற்று எவ்வளவு வேகத்தில் எழுகிறது, இறங்குகிறது என்பதை அது நேரடியாக அளக்கும். கணிப்பு ரேடாரோடு முரண்பட்டால், நிரல் திறந்திருப்பதால், எந்தத் துணைநிரல் தவறியது என்று உள்ளே போய்ப் பார்க்கலாம், திருத்தலாம். பூட்டிய மென்பொருளில் விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தத் தாராளமே ஒரு சிக்கல். மேகத்துளிகள் உருவாவதைக் கணக்கிட மட்டும் பத்துக்கு மேற்பட்ட முறைகள், தேர்ந்தெடுக்க. தரையொட்டிய காற்றுக்குத் தனியாக ஒரு வரிசை. பெருமழை முடிந்தபின் இவற்றை மாற்றி மாற்றி ஓட்டி, எது பொருந்தியதோ அதைச் 'சிறந்தது' என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதும் பரீட்சை இது. ஒரு மழைக்கு வென்ற கலவை அடுத்த புயலுக்கும் வெல்லும் என்பதற்கு என்ன உறுதி? பொருந்தாமல் போன ஓட்டங்களைப் பற்றி அக்கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை.

இலவசம் என்பதும் பாதி உண்மை. நிலப்பரப்பைப் பிரிக்கும் கட்டங்களின் அளவு 9 கிலோமீட்டராக இருந்தால் திருமலை அமைந்த சேஷாசல மலைத்தொடர் மழுங்கிய மேடாகிவிடும். மலைச்சரிவில் மோதி மேலேறும் ஈரக்காற்று சரியாக அகப்படாது. 3 கிலோமீட்டருக்கு இறங்கினால் கணக்கு ஏறத்தாழ 27 மடங்கு: இரு கிடைத்திசைகளிலும் தலா மும்மடங்கு, காலப்படியிலும் மும்மடங்கு. அதற்கு மீக்கணினி வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

தொடக்கத் தரவையும் பலர் அமெரிக்க ஜிஎஃப்எஸ் உலகக் கணிப்பிலிருந்தே எடுக்கிறார்கள். வங்கக் கடலின் மேல் அது பிழைபட்டால், நிரலை எத்தனை முறை திருத்தினாலும் திருப்பதி மழை இடம் மாறித்தான் பெய்யும். காதங்கியில் கணிப்பு தவறியதைக் கண்டுபிடிக்க ரேடாராவது இருக்கிறது. மென்பொருளை மட்டும் இறக்கிவைத்திருக்கும் கல்லூரித் துறைகளுக்கு அதுவும் இல்லை.