தடவிக் காணும் கலை

குருடர் யானையைத் தடவிய கதையை அரைகுறை அறிவுக்கு எடுத்துக்காட்டாகவே நம்மவர் சொல்லி வருகின்றனர். ஆனால் பிழை கையினுடையதன்று. ஆளுக்கோர் உறுப்பைத் தொட்டவுடன் முடிவு கூறியதே பிழை. சுற்றிவரத் தடவ இடமும் நேரமும் கிடைத்திருப்பின் அக்கதையே பிறந்திராது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கும்போது உற்றறிதலையே முதலில் வைக்கிறது. கண்ணறிவு அங்கே நான்காவது. அம்முதலறிவுக்குத்தான் கலைக்கூடங்களில் 'தொடாதீர்' என்னும் பலகை!

பினாங்கில், டத்தோ கிராமாட் சாலை முடியும் இடத்திலிருந்து ஆர்மீனியன் தெரு நெடுந்தொலைவன்று. அங்கே 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிச் ஒரு சுவரில் இரு சிறாரைத் தீட்டி, உண்மையான மிதிவண்டி ஒன்றையும் அச்சுவரோடு பொருத்தினார். பார்வையற்றவர் அணுகினால் கைப்பிடியும் சக்கரமும் விரலுக்கு அகப்படும். வண்டிமேல் அமர்ந்து சிரிக்கும் சிறாரோ வெறுஞ்சுவராகி விடுவர். அதே நகரின் தெருக்களில் இரும்புக் கம்பியை வளைத்து 52 கேலிச் சித்திரங்கள் அமைக்கப்பட்டன. கோடே கம்பியாதலால் இவை முழுதும் விரலுக்குரியவை எனத் தோன்றும். ஆயினும் ஒருவர்பின் ஒருவர் நிற்பதைக் கோட்டால் காட்டுவது கண்ணின் மரபு. விரலுக்கு அது கம்பிச் சிக்கலே. அருகிருந்து சொல்வார் வேண்டும்.

புதுதில்லி தேசிய அருங்காட்சியகம் 2015-இல் 'அனுபவ்' என்னும் தொடுகூடத்தைத் திறந்து, 22 பொருள்களின் படிகளைப் பிரெயில் குறிப்போடும் ஒலி விளக்கத்தோடும் வைத்தது. பாராட்டத்தக்க செயலே. ஆனால் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களுள் 22 மட்டும்! எவ்வளவு நேர்த்தியான படியாயினும் வடிவைத் தருமேயன்றி, மூலத்தின் பழமையை விரலுக்குத் தராது. பலர் தொட்டால் மூலம் தேயும் என்பர் காப்பாளர். மெய்தான், கைபட்டுப் பளபளத்த கோயில் தூண்களைக் கண்டவர் இதனை மறுக்கார்.

இத்தாலியின் அங்கோனா நகரில், பார்வையற்ற தம்பதியரான அல்டோ கிராஸ்ஸினி, டானியேலா பொட்டெகோனி ஆகியோரின் முயற்சியால் 1993-இல் தோன்றிய ஓமெரோ அருங்காட்சியகம் வேறு வழி கண்டது. பழஞ்சிற்பங்களுக்குப் படிகள், இக்காலச் சிற்பிகளின் ஆக்கங்களிலோ மூலங்களே. கண்ணுள்ளாரும் அங்கே தொட்டுப் பார்க்கலாம் என்பது தில்லியின் தனியறையினும் மேலானது. பார்வையற்றவரை ஒதுக்கி வைத்து உபசரிக்கும் நிலை அங்கில்லை.

ஆர்மீனியன் தெருச் சுவரருகே அச்சிறாரின் புடைப்புருவம் ஒன்றை, மிதிவண்டியும் சேர, மார்பளவு உயரத்தில் பதித்து வைத்தல் மாநகர் மன்றத்துக்குப் பெருஞ்செலவாகாது.