கதையின் நீதி என்னவென்றால்...

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள், குழந்தைகள் புத்தகம் விற்கும் ஸ்டால் ஏதாவது ஒன்றின் ஓரமாகப் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பிள்ளை ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கும். அட்டையில் யானையோ பூதமோ இருக்கும். அப்பாவோ அம்மாவோ அதை வாங்கி நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்புவார்கள். அங்கே 'நீதி' என்று ஒரு வரி இருந்தால் பில் போடப்படும். இல்லாவிட்டால், 'இதுல ஒண்ணுமே இல்லியேடா' என்ற தீர்ப்புடன் புத்தகம் அடுக்குக்குத் திரும்பிவிடும். பதிலுக்கு ஒரு பொது அறிவுக் கேள்வி-பதிலோ, கையெழுத்துப் பயிற்சி நோட்டோ பைக்குள் விழும்.

இந்த 'ஒண்ணுமே இல்லியே'வைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விசாரிக்கப் போகிறோம்.

பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காக்கா வடையைத் தூக்குகிறது, நரி பாடச் சொல்கிறது, வடை விழுகிறது. நீதி: புகழ்ச்சிக்கு மயங்காதே. நான்கு வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்லி முடித்தால், 'அப்ப பாட்டிக்கு வடை?' என்று கேட்க வாய்ப்புண்டு. நியாயமான கேள்வி. அந்தக் கதையில் உழைத்த ஒரே ஆள் பாட்டிதான். ஈசாப் கதையில் காக்காவிடம் இருந்தது பாலாடைக்கட்டி. அது யாருடையது என்று கதை அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. நம்மூர்ப் புண்ணியவான் யாரோ அதை வடையாக்கி, அடுப்பு முன்னால் ஒரு பாட்டியையும் உட்காரவைத்தார். அந்த நிமிடமே கதை பெரிதாகிவிட்டது. திருட்டு, நஷ்டம், நியாயம் என்று பேச எவ்வளவோ வந்துவிட்டது. ஆனால் அச்சடித்த அந்தக் கடைசி வரி எதையும் பேச விடுவதில்லை. நீதி சொல்லியாச்சு, படுத்துத் தூங்கு.

'பஞ்சதந்திரமே நீதிக் கதைதானே சார்?' என்பீர்கள். யாருக்குச் சொன்ன கதை அது? படிப்பு ஏறாத மூன்று ராஜகுமாரர்களுக்கு. சாஸ்திரங்களைப் படித்து முடிக்கவே வருஷக்கணக்கில் ஆகும் என்று மற்றவர்கள் கைவிரித்தபோது, ஆறு மாதத்தில் தேற்றிக் காட்டுகிறேன் என்று பொறுப்பேற்றவர் விஷ்ணுசர்மா. அவர் உபதேசத்தை நம்பவில்லை, கதையை நம்பினார். அதுவும் அந்தக் கதைகளில் இருப்பது பெரும்பாலும் 'நல்ல பிள்ளையாக இரு' அல்ல. யாரை நம்புவது, யாரிடம் வாயை மூடிக்கொண்டு இருப்பது, மாட்டிக்கொண்டால் எப்படித் தப்பிப்பது என்கிற ராஜதந்திரம். ஈரலை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று முதலையிடம் குரங்கு சொன்னது சுத்தப் பொய். 'பொய் சொல்லாதே' என்று அதற்குக் கீழே எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது?

*

இனி ஒரு புழுவைப் பார்க்கலாம்.

எரிக் கார்ல் என்கிற அமெரிக்க ஓவியர் 1969-ல் போட்ட 'தி வெரி ஹங்க்ரி கேட்டர்பில்லர்'. பேப்பரில் ஓட்டை போடும் பஞ்சிங் மிஷினை வைத்து விளையாடியபோது தோன்றிய ஐடியா. முதலில் வில்லி என்றொரு புத்தகப்புழுதான் ஹீரோ. கம்பளிப்புழுவாக மாற்றலாமே என்று யோசனை சொன்னவர் எடிட்டர் ஆன் பெனடூஸ். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை போட்டு அச்சடிக்க அமெரிக்காவில் கட்டுப்படியாகாமல், ஜப்பானில் அச்சடித்தார்கள். இன்றைக்கு 60-க்கு மேற்பட்ட மொழிகள், 5 கோடிக்கு மேல் பிரதிகள்.

கதை இவ்வளவுதான். திங்கட்கிழமை ஓர் ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் என்று புழு தின்றுகொண்டே போகிறது. சனிக்கிழமை கேக், ஐஸ்க்ரீம் என்று கண்டதையும் தின்று வயிற்றுவலி. அப்புறம் ஓர் இலை, ஒரு கூடு, ஒரு பட்டாம்பூச்சி. புழு தின்ற இடத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கிறது. குழந்தை அதில் விரலை விடும். அந்த ஓட்டை வழியாகவே எண்ணவும் கற்றுக்கொள்ளும், கிழமையும் கற்றுக்கொள்ளும். பட்டாம்பூச்சி வருவது கூட்டுப்புழு நிலையிலிருந்து, பட்டுக்கூடு மாதிரியான ஒன்றிலிருந்து அல்ல என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. சரியான குற்றச்சாட்டுதான். தமிழில் இரண்டையும் 'கூடு' என்றே சொல்லித் தப்பித்துவிடலாம்.

கடைசிப் பக்கத்தில் நீதி கிடையாது. 'அளவோடு உண்' என்று அங்கே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். அழகான பட்டாம்பூச்சி சட்டென்று ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆகிவிடும்.

'பொழுதுபோக்கு சரி, படிப்புக்கு உதவுமா?' என்பது அடுத்த கேள்வி. அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1954-ல் 'லைஃப்' பத்திரிகையில் ஜான் ஹெர்ஸி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகள் ஏன் வாசிக்கத் திணறுகிறார்கள்? பள்ளிக்கூட வாசிப்புப் புத்தகங்கள் படு போர் என்பது அவர் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று. அதைத் தொடர்ந்து ஒரு பாடப்புத்தகப் பதிப்பாளர் டாக்டர் ஸூஸைப் பிடித்தார். சின்ன வார்த்தைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இதற்குள் ஒரு கதை எழுதுங்கள் என்றார். வெறும் 236 வெவ்வேறு சொற்களில் 1957-ல் வந்தது 'தி கேட் இன் தி ஹேட்'. மழை நாள், அம்மா வீட்டில் இல்லை, தொப்பி போட்ட பூனை ஒன்று வந்து வீட்டைத் தலைகீழாக்குகிறது. அம்மா திரும்பி வந்ததும் நடந்ததைச் சொல்வதா வேண்டாமா என்பதை, வாசிக்கிற பிள்ளையிடமே கேட்டுவிட்டுப் புத்தகம் முடிந்துவிடும். தீர்ப்பு சொல்ல வேண்டியது பிள்ளை. இதைவிடப் பெரிய நீதிப் பாடம் உண்டா?

இன்னொன்று, மாரிஸ் சென்டாக் 1963-ல் எழுதி வரைந்த 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்'. சேட்டை செய்த பையனை அம்மா சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்புகிறாள். அவன் பூதங்களின் ஊருக்குப் போய் ராஜாவாகிறான், வீட்டு ஞாபகம் வந்து திரும்புகிறான். அறையில் சாப்பாடு சூடாகக் காத்திருக்கிறது. பிள்ளைகள் பயந்துபோகும் என்று அப்போது சில பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். மறு வருஷமே அதற்கு அமெரிக்காவின் கால்டெகாட் மெடல் கிடைத்தது. நீ கோபப்பட்டாலும், நான் கோபப்பட்டாலும் உனக்குச் சோறு உண்டு. அந்தப் புத்தகம் சொல்வது இதைத்தான், ஆனால் வாயைத் திறந்து சொல்வதில்லை.

*

நம்மிடம் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பேசுகிற தமிழ் ஒன்று, அச்சடிக்கிற தமிழ் வேறு. 'தின்னுட்டான்' என்று பேசுகிற நான்கு வயதுப் பிள்ளைக்கு 'உண்டு மகிழ்ந்தான்' என்று நீட்டினால் அது உங்கள் முகத்தைப் பார்க்கும். அதுவும் ஆங்கிலத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்த புத்தகம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வாங்கும் முன் கடையிலேயே ஒரு பக்கத்தை மெல்லிய குரலில் வாய்விட்டுப் படியுங்கள். வெட்கப்பட வேண்டாம். படிக்கும்போதே நாக்கு தானாகப் பேச்சுத்தமிழுக்கு மாறிக்கொண்டால் நல்ல புத்தகம். இடறினால் வைத்துவிடுங்கள். தடதட, சலசல, கிசுகிசு என்று நம் மொழியில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பயன்படுத்தாத குழந்தைப் புத்தகம் உப்பில்லாத உப்புமா. அழ.வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். பகலெல்லாம் கணக்கு வழக்கில் இருந்தவருக்குக் குழந்தையின் காது எப்படி என்று தெரிந்திருந்தது. அவர் பாட்டுகளைப் பிள்ளைகள் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தானாக ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது படம். எழுத்து சொன்னதையே படமும் திரும்பச் சொன்னால் அது வெறும் அலங்காரம். எழுத்து சொல்லாத ஒன்று, மூலையில் ஒளிந்திருக்கும் பூனையாவது, படத்தில் இருக்க வேண்டும். எழுத்து தெரியாத பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லட்டுமே.

எங்கே கிடைக்கும்? நேஷனல் புக் டிரஸ்ட்டில் குறைந்த விலையில். சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகாவில் தமிழ் மட்டுமாகவும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தும். காசே வேண்டாம் என்றால் பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். அங்கேயும் எல்லாமே தேன் அல்ல. சில மொழிபெயர்ப்புகள் கடகடக்கும். வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பரீட்சை அதற்கும் உண்டு.

பி.காம். படித்தவன் என்பதால் கடைசியாக ஒரு கணக்கு. 60 ரூபாய்க்கு வாங்கிய நீதிக் கதைப் புத்தகத்தை ஒரே ஒரு தடவை படித்தால், வாசிப்புக்கு 60 ரூபாய். 'ஒண்ணுமே இல்லாத' 150 ரூபாய்ப் புத்தகத்தைப் பிள்ளை நூறு தடவை 'இன்னொரு வாட்டி' என்று கேட்டால், வாசிப்புக்கு ஒன்றரை ரூபாய். எது சீப் என்று நீங்களே சொல்லுங்கள். இன்றைக்கு நிறைய வீடுகளில் பிள்ளை இங்கிலீஷ் மீடியம். அதற்குத் தமிழ் என்பது மார்க்கு வாங்கும் ஒரு பாடம், அவ்வளவுதான். தமிழ் எழுத்து பரீட்சைக்கு மட்டுமல்ல, சிரிக்கவும் பயப்படவும்கூட என்று அதற்குத் தெரிய வேறு வழி அதிகம் இல்லை. ஏழெட்டு வயதுக்குள் அது தெரியாமல் போனால், அப்புறம் நீங்கள் வாங்கிக் கொடுக்கிற தமிழ்ப் புத்தகம் எல்லாம் ஹோம்வொர்க்தான்.

ஆகவே அடுத்த முறை ஸ்டாலில் பிள்ளை ஒன்றை எடுத்தால், கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள். முதல் பக்கத்தைப் பிரித்து, அங்கேயே நின்று படித்துக் காட்டுங்கள். மூன்றாவது பக்கத்தில் பிள்ளை ஏதாவது கேள்வி கேட்டால், யோசிக்காமல் பில் போடச் சொல்லிவிடுங்கள்.