கீழப்பாவூரில் ஒரு ஜோடி எல்100

ஆரஞ்சு நிற ஃபோம் முகப்பைக் கழற்றி மேசைமேல் வைத்ததும் அண்ணாச்சி செய்த முதல் காரியம், உள்ளே இருந்த வெள்ளைக் கோனில் இரண்டு கட்டைவிரலையும் பதித்து மெதுவாக அமுக்கிப் பார்த்ததுதான். முப்பது வருஷமாகப் பாவூர்ச்சத்திரம் பக்கம் மைக் செட் வைத்திருப்பவர். கல்யாணம், சடங்கு, அம்மன் கோயில் கொடை என்று அவர் ஸ்பீக்கர் கட்டாத தெரு இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. கோன் நேராக உள்ளே போனது, நேராக வெளியே வந்தது. உரசல் இல்லை.

"காயில் சுத்தமா உக்காந்திருக்கு. ஜோடி எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"ஸ்டாண்டோட சேர்த்து நாலு லட்சத்துக்கு மேல அண்ணாச்சி."

கோனிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அதுக்கு ஒரு முழு செட்டே போட்டிரலாமே" என்றார்.

பெட்டியின் பெயர் ஜேபிஎல் எல்100 கிளாசிக். துபாயில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் அத்தான், கீழப்பாவூரில் வீடு கட்டி முன்னறைக்கு முதல் சாமானாக வாங்கியது இதைத்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொறியாளர் வீட்டில் பழைய எல்100-ஐக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு மனதில் விழுந்த ஆசை. அந்த அறையில் மூன்று வாரம் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகத் தென்காசி நண்பர் ஒருவர் தன்னுடைய வார்ஃப்டேல் லின்டன் ஹெரிட்டேஜ் ஜோடியை வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஒரே அறை, ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே பாட்டுகள்.

இரண்டுமே பழைய பெயரில் திரும்ப வந்த பெட்டிகள். ஜேபிஎல் 1968-இல் ஸ்டுடியோக்களுக்காகச் செய்த 4310 மானிட்டரின் வீட்டு வடிவம்தான் 1970-இல் வந்த எல்100. சதுரம் சதுரமாக வெட்டிய ஃபோம் முகப்பு அதன் அடையாளம். எழுபதுகளில் அந்த நிறுவனத்துக்கு அதிகம் விற்றுக்கொடுத்த பெட்டியும் அதுவே. 2018-இல் அதே முகத்தோடு 'கிளாசிக்' வந்தது. வார்ஃப்டேலை 1932-இல் யார்க்‌ஷயரில் தொடங்கியவர் கில்பர்ட் பிரிக்ஸ். அந்த நிறுவனம் 1965-இல் லின்டனைக் கொண்டுவந்தது. 2019-இல் அந்தப் பெயர் மறுபடி வந்தது. இன்றைக்கு ஜேபிஎல்லின் தாய் நிறுவனமான ஹார்மன், சாம்சங்கின் கையில் இருக்கிறது. வார்ஃப்டேல் பெட்டிகள் சீனாவில் தயாராகின்றன. பெயரை மட்டும் நம்பிக் காசு கொடுப்பவர்கள் இதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மறுபதிப்பு என்று சொல்கிறோமே தவிர, எல்100 கிளாசிக் பழைய பெட்டியின் நகல் இல்லை. பழையதில் உயர்சுரங்களுக்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான காகிதக் கோன் இருந்தது. புதியதில் ஒரு அங்குல டைட்டானியம் டோம். பழைய 12 அங்குல வூஃபருக்கு மேல்சுரங்களைத் தடுக்கக் கிராஸ்ஓவரே கிடையாது. தன் போக்கில் பாடித் தானாகவே ஓயும். புதியதில் 450 ஹெர்ட்ஸில் வூஃபரிடமிருந்து மிட்ரேஞ்சுக்கும், 3,500 ஹெர்ட்ஸில் அங்கிருந்து ட்வீட்டருக்கும் முறையாகக் கைமாறுகிறது. பழைய வூஃபரில் அல்நிகோ காந்தம். எழுபதுகளின் இறுதியில் ஆப்பிரிக்காவில் ஜயர் நாட்டுச் சண்டையால் அல்நிகோவில் சேரும் கோபால்ட்டின் விலை எகிற, ஸ்பீக்கர் செய்பவர்கள் பெரும்பாலும் ஃபெரைட்டுக்கு மாறினார்கள்.

இன்னொரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு ஸ்பீக்கருக்கு எவ்வளவு கொள்ளளவில் பெட்டி வேண்டும், ஓட்டைக் குழாய் எத்தனை நீளம் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லும் வழியை நெவில் தீல் 1961-இல் ஆஸ்திரேலியாவில் எழுதினார். அந்தக் கட்டுரை அமெரிக்க ஒலிப் பொறியாளர் சங்கத்தின் இதழில் மறுபதிப்பானது 1971-இல். பழைய எல்100 அதற்கு முந்தைய வருஷமே கடைக்கு வந்துவிட்டது. காதையும் அனுபவத்தையும் நம்பிச் செய்த பெட்டி அது. புதியதன் பின்னால் கணினியும் அளவைக் கருவிகளும் இருக்கின்றன. ஆகவே பழசு என்றால் பொன், புதுசு வெறும் வேஷம் என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். பொறியியலாகப் பார்த்தால் புதியதே நல்ல பெட்டி.

கேட்ட கதைக்கு வருகிறேன். முதல் நாள் போட்டது 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்துப் பாட்டு. எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் போட்டி போடும் பாட்டு என்று சொன்னாலே போதும், நெல்லைச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். அது மோனோ பதிவு. இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம்தான் வரும். ஜோடி ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிருந்தால் குரல் இரண்டுக்கும் நடுவே, ஆள் நிற்பதுபோல நிற்கும். பொருந்தாவிட்டால் இடமும் வலமுமாகச் சிதறும். எல்100 கிளாசிக்கில் ஜானகி நட்ட நடுவில் நின்றார். தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் 'டக்' தனியாகத் தெறித்தது. கோயில் மண்டபத்தில் தவில்காரருக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்தவருக்கு அந்தச் சத்தம் தெரியும். இந்த அடி, இந்த உடனடித் தெறிப்பு, இதுதான் இந்தப் பெட்டியின் பலம். அத்தான் பல வருஷம் மனதில் வைத்திருந்ததும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நாகசுரம் மேல் ஸ்தாயிக்கு ஏறியதும் காது கூசியது. முன்பக்கம் இரண்டு திருகுகள் இருக்கின்றன, மிட்ரேஞ்சுக்கு ஒன்று, உயர்சுரத்துக்கு ஒன்று. உயர்சுரத்தைக் கொஞ்சம் இறக்கினோம், பாதிக் கூச்சம் போனது. மீதிப் பாதி அறையின் வேலை. பதினாறுக்குப் பதினான்கு அடி அறை. தரை முழுக்க பளபளக்கும் டைல்ஸ், மேலே கான்கிரீட், சுவரில் ஒரு காலண்டரைத் தவிர ஒன்றும் இல்லை. கை தட்டினால் 'டிங்' என்று திரும்பி வரும். நம் ஊரில் இன்றைக்குக் கட்டும் வீடுகளில் பாதி இப்படித்தான்.

பாஸ் கதையும் இதேதான். 'பிரியா' பாட்டுகளைப் போட்டோம். 1978-இல் வந்தது, ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று பெயர் பெற்றது. பாஸ் கிட்டார் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு வரும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்த இரும்பு பீரோவின் கதவு சடசடத்தது. பதினாறு அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ், பதினான்கு அடி அகலத்துக்கு 40 ஹெர்ட்ஸ், அப்புறம் அவற்றின் இரட்டிப்பான 70, 80: இந்த இடங்களிலெல்லாம் அறையும் கூடச் சேர்ந்து முழங்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தது முழக்கத்தை இன்னும் கூட்டியது. இரண்டரை அடி முன்னால் இழுத்தோம். உட்காரும் நாற்காலியையும் பின்சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். பரணிலிருந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கி ஒன்றைப் பக்கச் சுவரிலும் ஒன்றைப் பின்சுவரிலும் சாய்த்தோம், தரையில் ஜமுக்காளம் விரித்தோம். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. பீரோ அடங்கியது, நாகசுரம் இனித்தது.

"மாப்ள, இப்பதான் வாங்குனது மாதிரி இருக்கு" என்றார் அத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாலு லட்ச ரூபாய்ப் பெட்டியில் எங்களுக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம் பரணிலிருந்த மெத்தையால் வந்தது.

"ஒரு முழு செட்டே போட்டிரலாமே" என்று அண்ணாச்சி சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டும். மைக் செட்டின் 12 அங்குல ஸ்பீக்கருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆழமான பாஸ், சின்னப் பெட்டி, குறைந்த வாட்டில் பெரிய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரே சமயத்தில் பெற முடியும். கேஎல்எச் நிறுவனத்தின் ஹாஃப்மன் பெயரால் வழங்கும் விதி அது. கொடைக்குக் கட்டும் ஸ்பீக்கர் தெருக்கோடி வரை கேட்க வேண்டும். அதற்காக அடி ஆழத்தை விட்டுக்கொடுக்கிறது. எல்100 கிளாசிக் ஒவ்வொன்றும் 26.7 கிலோ, உயரம் இரண்டடிக்குச் சற்று மேல். அந்த அளவுக்குள் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது; ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தருகிறது. பரவாயில்லாத சமரசம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இது 4 ஓம் பெட்டி. 8 ஓமை நினைத்துச் செய்த பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டிச் சத்தத்தை ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் கொதிக்கும்.

விலைக்கு வருவோம். 2018-இல் அமெரிக்காவில் ஜோடி 4,000 டாலர், ஸ்டாண்டுக்குத் தனியாக 300. அந்த வருஷத் தொடக்கத்தில் டாலர் ஏறக்குறைய 64 ரூபாய், ஆக ஸ்டாண்ட் இல்லாமல் 2,56,000. டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டால் அதே பெட்டி 3,40,000. பெட்டியில் ஓர் ஆணிகூடக் கூடாமல், ரூபாய் இறங்கியதால் மட்டும் 84,000 ஏறியிருக்கிறது. இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தாலே நாலு லட்சம். சுங்கமும் கப்பல் கூலியும் தனி. ஐம்பது கிலோவுக்கு மேல் உள்ள சரக்கு கடல் தாண்டி வருவதற்கும் நாம் காசு கொடுக்கிறோம், காது கேட்காத ஒன்றுக்கு. விவரத்தாளில் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று இருக்கிறது. ஐம்பது வயதுக் காதுக்கு 15,000 எட்டினாலே அதிகம்.

லின்டன் ஹெரிட்டேஜ் வந்த வருஷம் அமெரிக்காவில் ஸ்டாண்டோடு ஏறக்குறைய 1,500 டாலர். தென்காசி நண்பருக்கு ஒன்றரை லட்சத்தை ஒட்டி முடிந்திருக்கிறது. 8 அங்குல வூஃபர், 5 அங்குல மிட்ரேஞ்ச், இரண்டும் கெவ்லர் கோன். ஒரு அங்குலத் துணி டோம் ட்வீட்டர். பெட்டி ஒன்று 18.4 கிலோ, நல்ல மர வெனீர், ஸ்டாண்டின் வயிற்றுக்குள் இசைத்தட்டுகளை அடுக்க இடம். தவில் அடி எல்100-இல் தெறித்ததுபோல இதில் தெறிக்கவில்லை. குரலோ மேலும் நெருங்கி வந்தது. 2005-இல் இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு தந்த திருவாசகத்தை இரண்டிலும் மாறி மாறிக் கேட்டோம். எல்100 தாளவாத்தியத்தை முன்னே தள்ளியது. லின்டன் தந்திக் கருவிகளை விரித்துப் போட்டுப் பாடுகிறவரை நடுவே நிறுத்தியது. இரவு பத்து மணிக்கு, தெரு அடங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டபோது லின்டனை அணைக்கவே மனமில்லை. அண்ணாச்சியும் அன்றைக்கு இருந்தார். நரசிம்மர் கோயில் சுவாதிப் பூஜைக்கு வந்தவர், வீட்டுக்குப் போகாமல் முழுதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

நம் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய எல்100 வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் துக்கம் ஒன்று: அந்த அழகான ஃபோம் முகப்பு காலப்போக்கில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பாலியூரிதேன் ஃபோமுக்கு ஈரக்காற்றும் வெயிலும் பகை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்றில் அப்பளம் நமுத்துப்போகும் ஊர் இது. வாங்குகிறவர்கள் முகப்பை ஜன்னல் வெயில் படாமல் காக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒரு முறை மாற்றும் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும். லின்டனுக்குத் துணி முகப்பு என்பதால் அந்தக் கவலை இல்லை.

பழைய அசலையே வாங்கினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் வெளியூர் வியாபாரியிடம் ஒரு ஜோடி வாங்கினார். பிரித்துப் பார்த்தால் ஒரு பெட்டியில் வூஃபர் வேறு ரகம். கோன் மாற்றி ஒட்டியது. ஒலிக்கும்போது குரல் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. அசலை வாங்குவதென்றால் முகப்பையும் வூஃபரையும் கழற்றி, இரண்டு பெட்டியின் காந்தத்தின் பின்னாலுள்ள எண்ணையும் ஒத்துப் பார்த்து, ஒரு மோனோ பாட்டைப் போட்டுக் கேட்டு, அதன் பிறகே பணத்தை எடுங்கள்.

என் தீர்ப்பு இது. எல்100 கிளாசிக் நல்ல ஸ்பீக்கர். ஆனால் இந்தியாவில் கொடுக்கும் நாலு லட்சத்துக்கு அது ஈடு இல்லை. இரண்டரை லட்சத்துக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கச் சொல்வேன். அத்தானைப் போல அந்த முகத்தோடு பாதி ஆயுளின் நினைவு ஒட்டியிருந்தால் அது வேறு கணக்கு. அதில் நான் தலையிட மாட்டேன். பழைய தமிழ்ப் பாட்டுகளும் கச்சேரிகளும் கேட்கப் புதிதாக வாங்குபவர்களுக்கு லின்டன் ஹெரிட்டேஜ் கொடுத்த காசுக்கு முழுசாகத் தகும். மிச்சமாகும் இரண்டரை லட்சத்தில் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலையும் வாங்கலாம், மீதியும் இருக்கும்.

கடைக்குப் போகும்போது அவர்கள் போட்டுக்காட்டும் பாட்டில் முடிவு எடுக்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டுகளைக் கொண்டுபோங்கள், அதில் ஒன்று நாகசுரமாக இருக்கட்டும்.