பீரோவின் சாவி

மலைக்கிராமத்து ஓராசிரியர் பள்ளி ஒன்றில் பச்சை நிற பீரோ ஒன்றைப் பார்த்தேன். உள்ளே முந்நூறு புத்தகங்களாவது இருக்கும். முத்திரை, வரிசை எண் எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றிலும் விரல் அழுக்கு மட்டும் இல்லை. “பிள்ளைங்க கிழிச்சிட்டா தணிக்கையில நான்தான் சார் பதில் சொல்லணும்” என்றார் ஆசிரியர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் கேள்வி வரும். ஆண்டு முழுக்க ஒரு பிள்ளையும் புத்தகத்தைத் தொடவில்லை என்றால் யாரும் கேட்கப்போவதில்லை.

புத்தகம் பயன்படுவதற்கே என்பதைத் தன் ஐந்து நூலகவியல் விதிகளில் முதலாவதாக வைத்து நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூல் வெளியிட்டது 1931இல். அதே ஆண்டு மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகரைத் தேடிப் புத்தகம் போக வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் பூட்டிவைப்பதுதான் நம் சிக்கல்.

இந்த வகையில், 2023இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தை முக்கியமான முயற்சியாகக் கருதுகிறேன். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய படக்கதைப் புத்தகங்கள். அட்டையில் வகுப்பு எண் கிடையாது. ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் திணறுகிற பையனிடம் இரண்டாம் வகுப்புப் பாடநூலை நீட்டினால் கூசிப்போவான். ‘நுழை’யை நீட்டினால் வாங்கிக்கொள்வான். ஒரு சிறுமி சொல் சொல்லாக விரலை நகர்த்திக் கடைசிப் பக்கம்வரை வந்து, “முடிச்சிட்டேன்” என்று நிமிர்ந்ததைக் கண்டிருக்கிறேன். ஒரு புத்தகத்தை முழுதாக முடித்தது அவளுக்கு அதுவே முதல் முறை. தடித்த பாடநூல் அந்த மகிழ்ச்சியைத் தந்ததே இல்லை.

குறைகளும் உண்டு. நீலகிரியின் இருளர், குறும்பர் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழி வேறு. நமக்கு எளிமையாகத் தெரியும் ‘நுழை’யின் தமிழே அவர்களுக்கு இரண்டாம் மொழி. அவர்கள் பேச்சில் நாலு கதைகளாவது அச்சாகாமல், அந்தப் பிள்ளைகளைப் ‘பின்தங்கியவர்கள்’ என்று கணக்கெழுதுவது அநியாயம். நகரத்திலிருந்து நன்கொடையாக வரும் மூட்டைகளோ இன்னும் மோசம். பழைய தேர்வு வழிகாட்டிகளும் ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களும் பிள்ளைகளுக்கு எதற்கு?

பெரிய குறை, வாசித்துக் காட்ட ஆளில்லாதது. ஐந்து வகுப்புகளையும் ஒருவரே பார்க்கும் பள்ளியில் ஆசிரியர் எப்போது கதை வாசிப்பார்? 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், அதே தெருவைச் சேர்ந்த அக்காக்கள் மாலைநேரங்களில் அந்த இடத்தை நிரப்பினார்கள். பிள்ளைகளின் வீட்டுப் பேச்சும் அவர்களுக்குத் தெரியும், பாடநூல் தமிழும் தெரியும். புத்தகம் அச்சிடுவதற்கு ஈடாக அவர்களுக்கும் செலவிட வேண்டும்.

பதிவேட்டிலும் ஒரு மாற்றம் தேவை. ஆண்டுக்குப் பத்தில் ஒரு புத்தகம் கிழிந்தோ தொலைந்தோ போகலாம், அதற்கு விளக்கம் கேட்பதில்லை என்று ஓர் ஆணை வரட்டும். அந்தப் பச்சை பீரோவின் சாவியை ஆசிரியர் அன்றைக்கே ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்.