இரண்டு நூல்

நான் முதலில் தைத்த ஒன்பது கட்டச் சதுரத்தை இன்னும் பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். 3½ இஞ்ச் சதுரமாக வெட்டிய ஒன்பது துண்டுகள். கணக்குப்படி தைத்து முடித்ததும் 9½ இஞ்ச் வந்திருக்க வேண்டும், வந்தது 9¼. தையல் நேராக இருந்தது, நிறப் பொருத்தமும் நன்றாக அமைந்திருந்தது. 2 நூல் மட்டும் குறைந்தது. அது எங்கே போனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.

நூல் கணக்கு எங்கள் ஊரான நெய்வேலியில் யாருக்கும் புதிதில்லை. கம்பி கட்டுகிறவர், தச்சர், ஃபிட்டர் எல்லோரும் இஞ்சை 8 நூலாகத்தான் பிரிக்கிறார்கள். குயில்ட் எனும் ஒட்டுப்போர்வை தைப்பவர்கள் தையலுக்கு விடும் கால் இஞ்ச் துணி, இந்தக் கணக்கில் சரியாக 2 நூல். ரவிக்கைக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டு, உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று தைத்துப் பழகிய கைக்கு அது மிகக் குறைவாகத் தெரியும். ரவிக்கையில் ஒரு நூல் தவறினால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். ஒட்டுப்போர்வையில் ஒரு துண்டின் தவறு பக்கத்துத் துண்டின் மேல் போய் ஏறும்.

இந்த 2 நூலைப் பிடிக்க, புதிதாகக் கற்பவர்களுக்கு இன்று சொல்லித்தரும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். சக்கரம் போல உருளும் ரோட்டரி கட்டரால் வெட்டு, கோடு போடாதே, துணியின் ஓரத்தை மிஷினின் ஃபுட் ஓரத்தோடு ஒட்டி ஓட்டு, கூடக்குறைய வந்தால் கடைசியில் நறுக்கிச் சதுரமாக்கு. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்த பிறகு உலகமெங்கும் வேரூன்றிய முறை இது. அதற்கு முன் அட்டையில் அச்சு வெட்டி, துணியின் உள்பக்கத்தில் வைத்து, தைக்க வேண்டிய கோட்டையே பென்சிலால் வரைவார்கள். சுற்றிலும் கத்தரியால் சுமாராக வெட்டி, கோட்டின் மேல் தைப்பார்கள். கட்டர் வந்ததும் கோடு போய்விட்டது. துணியின் ஓரமே கோடாகிவிட்டது. 2019 ஜனவரியில் இந்திய குயில்ட் விழாவே சென்னையில் நடந்திருக்கிறது. நம் ஊர்களில் இதைக் கற்க விரும்புகிறவர்கள் இன்னும் கூடுவார்கள். அதனால் இந்த ஓர முறையை எடைபோட்டுப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

அதன் பலம் கண்கூடு. நான்கு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டலாம். கத்தரி துணியைத் தூக்கித் தூக்கி வெட்டும். கட்டர் துணியைப் படுத்தபடியே வெட்டும், ஓரம் அலையாது. கோடு வரையும் நேரம் மிச்சம். நூலை அறுக்காமல் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, ஒரு மாலையில் இருபது சதுரம் முடிக்கலாம். பழகிய கைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

புதிய கைக்கு இதுதான் கண்ணி. கோடு இருந்த காலத்தில் வெட்டு எப்படிப் போனாலும் தையல் தன் இடத்தில் விழுந்தது. கோடு போனபின் ஓரத்துக்கு இரண்டு வேலை: துண்டின் அளவையும் அதுதான் சொல்ல வேண்டும், தையலின் இடத்தையும் அதுதான் காட்ட வேண்டும். வெட்டில் அரை நூல் சாய்ந்தால் தையலும் அதே அரை நூல் சாய்கிறது. சதுரம் சிறுத்துப் போகிறபோது, தவறு வெட்டியதிலா தைத்ததிலா என்று சொல்ல துணியில் எந்தத் தடயமும் இருப்பதில்லை.

என் சதுரத்தின் குறையைக் கண்டுபிடித்துத் தந்தவருக்குத் தையல் தெரியாது. எங்கள் வட்டத்தில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர், ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். சதுரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தவர், “இஞ்ச் டேப்ப ஓரமா வைம்மா, இரும்பு ஸ்கேல் எடு” என்றார். பிள்ளைகளின் நோட்டிலிருந்து கிராஃப் தாள் ஒன்றைக் கிழித்து, ஓரத்திலிருந்து 2 நூல் தள்ளிக் கோடு போட்டார். மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனை அந்தக் கோட்டில் இறங்கும்படி தாளை வைத்து, ஃபுட்டை இறக்கினார். தாளின் ஓரம் ஃபுட்டுக்கு அடியில் மறைந்துவிட்டது. ஃபுட்டின் ஓரம் ஊசியிலிருந்து 2½ நூல் தள்ளி இருந்தது. நான் நம்பி ஓட்டிய ஓரம் அது.

மீதி வெறும் கணக்கு. ஒரு தையலில் இரண்டு துண்டும் அரை அரை நூல் கூடுதலாக விழுங்கினால் தையலுக்கு 1 நூல் போகும். ஒன்பது கட்டத்துக்குக் குறுக்கே இரண்டு தையல், ஆக 2 நூல். போர்வைக்குக் குறுக்கே ஆறு சதுரம் வைத்தால் சதுரங்களின் உள்தையலில் மட்டுமே 12 நூல், அதாவது 1½ இஞ்ச். எல்லாச் சதுரமும் ஒரே அளவு குறைந்தால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். போர்வை கொஞ்சம் சிறுக்கும், அவ்வளவுதான். ஒன்பது கட்டத்துக்குப் பக்கத்தில் தையலே இல்லாத முழுத்துண்டு ஒன்றை வைக்கும்போதுதான் விவகாரம். முழுத்துண்டு சரியாக 9½. பக்கத்துச் சதுரம் 9¼. இழுத்துத் தைத்தால் ஒன்று அலையும், மற்றொன்று சுருங்கும். குயில்ட் தைப்பவர்கள் இந்தச் சதுரத்தை பிளாக் என்பார்கள். எங்கள் ஊரில் பிளாக் என்றால் குடியிருப்பு வட்டம். ஒரு வட்டத்தின் சாலை அடுத்த வட்டத்தின் சாலையோடு வந்து சேர வேண்டும். துணியின் பிளாக்குக்கும் அதே கட்டாயம் உண்டு.

அந்தத் தாளின் ஓரத்தை ஒட்டியே, பழைய விசிட்டிங் கார்டு நான்கைச் சேர்த்து, ஃபுட்டுக்கு முன்னால் மிஷின் தட்டில் டேப் போட்டு ஒட்டினோம். துணி அதில் இடித்துக்கொண்டு போகும். ஃபுட்டைப் பார்க்கவே தேவையில்லை. கால் இஞ்ச் ஃபுட் என்று தனியாக விற்கிறார்கள், வாங்கலாம். நம் பழைய கறுப்பு மிதிமிஷின்களிலும் அநேகமாகப் பொருந்தும். ஆனால் அதையும் இப்படிச் சோதிக்காமல் நம்பக் கூடாது. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. தைத்த துணியைத் திருப்பி மடிக்கும்போது மடிப்பின் கனம் கொஞ்சம் இடத்தைத் தின்னும். ஆகவே தையல் 2 நூலுக்கு ஒரு மயிரிழை உள்ளே, தையல் நூலின் கனம் அளவுக்குக் குறைவாக விழ வேண்டும். மெல்லிய டூ பை டூ துணிக்கும் கனத்த கைத்தறிக்கும் இது மாறும் என்பதால், துணி மாறும்போதெல்லாம் தடுப்பை நகர்த்திச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இனி, கடைசியில் நறுக்கிக்கொள்ளலாம் என்ற ஆறுதல். எனக்கு இதன்மேல்தான் அதிக மனத்தாங்கல். முக்கோணங்களுக்கு அது நியாயமான வழிதான். இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சதுரம் ஆவதற்கு, வர வேண்டிய அளவோடு 7 நூல் கூட்டிச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக்கச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் உண்மையில் வேண்டியது 0.854 இஞ்ச், 7 நூல் என்பது 0.875. சரியான அளவு என்று சொல்லப்படுவதிலேயே சிறிது மிச்சம் இருக்கிறது. போதாக்குறைக்கு, மூலைக்கு மூலை வெட்டிய ஓரம் நம் தையற்காரர்கள் சொல்லும் கிராஸ், தொட்டாலே இழுபடும். ஆகவே முழு இஞ்ச் கூட்டி வெட்டி, தைத்து, நடுத்தையலின் மேல் ஸ்கேலின் மூலைக்கோட்டை வைத்துச் செதுக்குவது புத்திசாலித்தனம்.

அதே பழக்கத்தை ஒன்பது கட்டத்துக்குக் கொண்டுவருவது தவறு. நேர் தையல் சதுரத்தில் கோணல் வந்தால், வெளியோரத்தை நறுக்குவதால் உள்ளே இருக்கும் கோணல் சரியாகாது. வெளிக்கட்டங்கள் இளைக்கும், நடுக்கட்டம் பருத்துத் தெரியும். நட்சத்திர வடிவமானால் முனைகள் மழுங்கும், ஏனென்றால் முனைக்கு அப்பால் இருக்க வேண்டிய 2 நூல் துணியைத்தான் கத்தி எடுத்துவிடுகிறது. இதைவிடப் பெரிய நஷ்டம், தவறைக் காட்டிய சாட்சியே குப்பைக்குப் போய்விடுவது. அடுத்த சதுரத்திலும் அதே தவறு வரும், அதையும் நறுக்குவோம். இப்படி நறுக்கிய நாற்பது சதுரத்தை ஒரு வருடத்தில் தைத்து முடித்த பின்னும் கை தேறாமலே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உழைப்பை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் என் முடிவு இது: முதல் பத்துச் சதுரத்துக்காவது பழைய பென்சில் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். துணிக்கு அடியில் மெல்லிய உப்புத்தாளைப் போட்டால் துணி நகராது. பென்சிலை ஊசிமாதிரி சீவி, சாய்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். மொட்டைப் பென்சில் போடும் கோடே அரை நூல் கனம் வரும். பட்டைகள் வெட்டும்போது ஒவ்வொரு கோட்டையும் முந்தைய கோட்டிலிருந்து அளக்காமல் எல்லாவற்றையும் ஒரே ஓரத்திலிருந்து அளக்க வேண்டும். “ஒண்ணுலேருந்து ஒண்ணு அளந்தா தப்பும் கூடவே வரும்மா” என்று அந்த ஃபிட்டர் அண்ணன் சொன்னதைப் பட்டறையில் பயிற்சிப் பையன்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்களாம். கோட்டு முறையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது மிக மெதுவானது. ஒரு சதுரத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கறுப்புத் துணியில் கோடு தெரியாது, சாக்பீஸ் தேவைப்படும். அட்டை அச்சின் ஓரம் நாளடைவில் தேயும். ஆனாலும் தையல் கோட்டை விட்டு விலகிய இடம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு அந்த ஒன்று போதும்.

துணி விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பக்கத்தில் குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிறார்கள். கட்டம் போட்ட கைலியில் சாயம் போட்ட இழையே பாவிலும் ஊடையிலும் ஓடுவதால், இழைக்கு நேராக வெட்டுகிறோமா என்பதைத் துணியே சொல்லும். வெட்டுமுன் துவைத்துச் சுருங்கவிட்டு, கஞ்சி போட்டு விறைப்பாக இஸ்திரி போட்டால் தாள் போல நிற்கும். தைத்த பிறகு பெட்டியைத் துணிமேல் இழுத்துத் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். ஒரு வரிசையின் தையல் மடிப்பு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த வரிசைக்கு இடப்பக்கம். அப்போது இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, நான்கு மூலையும் ஒரு புள்ளியில் சேரும்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, கிடைத்த துண்டுகளை அளக்காமல் வைத்து, உள்நோக்கிச் சுற்றிச் சுற்றிக் கையால் தைத்து நடுவில் வந்து முடிக்கும் அந்தப் போர்வைகள் கண்ணைப் பறிக்கும். நம் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தொம்பையும் தேர்ச்சீலையும் வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் வேலைதான். இரண்டிலும் அடியில் ஒரு முழுத்துணி தாங்குகிறது, துண்டின் கூடக்குறைவை அது ஏற்றுக்கொள்கிறது. ஓரத்தோடு ஓரம் தைக்கும் ஒட்டுப்போர்வையில் தாங்க எதுவும் கிடையாது. அளவு பிடிக்காதவர்கள் பழைய வேட்டியை அடித்துணியாக வைத்து அதன்மேல் தைக்கலாம். அது தாழ்ந்த வழியில்லை. ஓரத்தோடு ஓரம் தைப்பதைத் தேர்ந்துவிட்டால் மட்டும் 2 நூலுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல துணியில் கத்தி வைக்கும் முன், மீந்துபோன பருத்தித் துணியில் 1½ இஞ்ச் அகலமும் 3½ இஞ்ச் நீளமுமாக மூன்று பட்டை வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, இரும்பு ஸ்கேலால் அளந்து பாருங்கள். அது 3½ இஞ்ச் சதுரமாக இருக்க வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தடுப்பை ஊசிப்பக்கம் நகர்த்துங்கள், கூடினால் தள்ளி வையுங்கள். எனக்கு ஐந்தாவது தடவை சரியாக வந்தது.