அறிவிப்பாளர் என்னும் அமானிதம்

தமிழில் 'அறிவிப்பாளர்' என்னும் சொல் இரண்டு துறைகளில் வழங்குகிறது. நபிமொழிக் கலையில், ஒரு செய்தியைத் தமக்கு முன்னவரிடமிருந்து பெற்றுப் பின்னவரிடம் பழுதின்றி ஒப்படைப்பவர் அறிவிப்பாளர். இலங்கை வானொலி மரபில், ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பாடலையும் பாடலுக்குரியோரையும் நேயர்களுக்கு அறிமுகம் செய்பவரும், கலைஞர்களை அழைத்துவந்து உரையாடுபவரும் அறிவிப்பாளரே. இவ்விரண்டாம் பொருளில் அச்சொல்லைக் கேட்டதும் தமிழ் நேயர்களின் நினைவில் முன்வந்து நிற்கும் பெயர்களுள் ஒன்று பி.எச். அப்துல் ஹமீத். அவரைப் பற்றி நேயர்கள் கூறிவரும் கருத்துகளுள் எவை நிற்கத்தக்கன, எவை நீங்கத்தக்கன என்று ஆராய்வதே நம் நோக்கம்.

அந்நேயர் கூட்டம் உருவான வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 1952ஆம் ஆண்டு இந்திய ஒன்றியத்தின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கின்றன எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் அருகின. நேயர்கள் கொழும்பை நோக்கித் திரும்பினர். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டபோது அவ்வழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 1967இல் இலங்கை வானொலி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய பின்னரும் அது தொடர்ந்தது. ஒரு நாட்டின் அரசு வானொலி தன் மக்களுக்கு மறுத்ததை அண்டை நாட்டின் அரசு வானொலி வழங்கியது. அதனாலேயே கொழும்பின் அறிவிப்பாளர்கள் தமிழகத்திலும் வீட்டு மனிதர்களாயினர்.

இக்கருத்துகளை நாம் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் நின்று நோக்குகிறோம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையின் தொழிலாளர் குடியிருப்புகளும், இலங்கையிலிருந்து போரினால் பெயர்ந்து வந்தோரின் முகாமும் ஒரே ஊரின் எல்லைக்குள் அமைந்துள்ளன. இம்முகாம்களுக்கு 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. ஆலையில் முறைப்பணி செய்வோருள் பலர் ஹமீதைத் தொலைக்காட்சியின் 'பாட்டுக்குப் பாட்டு' வழியாக அறிந்தவர்கள். முகாமின் மூத்தோருக்கோ அவர் வானொலிக் குரல். தாங்கள் விட்டுவந்த வீட்டின் ஒலி. ஒரே மனிதரைப் பற்றி இவ்விரு சாராரும் கூறுவன ஒன்றல்ல. பாராட்டு ஒன்றாயினும் அதன் காரணம் வேறு.

முதற்கருத்து குரலைப் பற்றியது. 'என்ன குரல், என்ன உச்சரிப்பு' என்று வியப்பவர்களே மிகுதி. லகர ளகர ழகரங்கள் பிறழாத அந்நாவன்மை மெய்யே. ஆயினும் இப்பாராட்டு வாயிலிலேயே நின்றுவிடுகிறது. நம் முன்னோர் அறிவிப்பாளர்களை எடைபோட்ட ஜர்ஹு தஃதீல் கலையை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். புனித நபிமொழியையும் திரைப்பாடலையும் ஒரே தட்டில் வைப்பது நம் கருத்தன்று; அளவுகோலை மட்டுமே கடன் கொள்கிறோம். அக்கலை ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டைத் தேடியது: ஒன்று அதாலத் என்னும் நேர்மை, மற்றொன்று ளப்து என்னும் துல்லியம். குரல் இனிதா என்று அது கேட்டதில்லை.

இவ்வளவுகோலால் அளந்தால் ஹமீதின் உண்மையான பெருமை வேறோர் இடத்தில் தென்படும். அவர் பாடலை ஒலிக்கவிடுமுன் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர், படத்தின் பெயர் ஆகியவற்றை முறையாகச் சொல்வார். திரைப்பாடலை நடிகரின் பெயரால் மட்டுமே அறிந்திருந்த ஒரு மக்கள் திரளுக்கு, ஒவ்வொரு பாடலுக்கும் பின்னே ஒரு கவிஞரும் ஓர் இசையமைப்பாளரும் உள்ளனர் என இலங்கை அறிவிப்பாளர்கள் நாள்தோறும் கற்பித்தனர். அது ஒரு வகையில் ஸனது கூறும் பணி. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் போட்டியாளர் வரியை மாற்றிப் பாடினால் திருத்துவதும் அதே ஒழுக்கத்தின் பாற்பட்டதே. 'விளையாட்டில் இத்தனை கண்டிப்பு எதற்கு' என்று சலித்துக்கொள்ளும் நேயர்களும் உண்டு. நாம் அவர்கள் பக்கம் இல்லை. எழுதியவனின் சொல்லை எழுதியவாறே ஒப்படைப்பது கண்டிப்பு அன்று, அமானிதம்.

ஆனால் அந்த ஸனது எங்கே அறுபடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என்று வரும் வரிசை, வாத்தியம் இசைத்தவரை எட்டுவது அரிது. பம்பாய்த் திரையிசையில் சிக் சாக்லேட் போன்ற கோவாவின் ஜாஸ் கலைஞர்கள் ஆற்றிய பங்கு நெடுங்காலம் பெயரின்றிக் கிடந்தது. 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தின் இசைக்குப் பின்னே அவர் இருந்ததைப் பிற்கால ஆய்வாளர்களே பரவலாக அறியச்செய்தனர். சென்னையின் இசைக்கூடங்களிலும் இத்தகையோர் பலர் வாழ்ந்து மறைந்தனர்.

நேர்காணலாளராக அவரை அளக்கும்போது வேறொரு குறையும் தென்படுகிறது. கலைஞரை அமர்த்தி உரையாடுகையில் அவர் காட்டும் மரியாதை சிறப்பானது. ஆனால் அம்மரியாதையே பல வேளைகளில் கேள்வியை விழுங்கிவிடுகிறது. விருந்தினரின் வரலாற்றை விருந்தினரைவிட நன்றாக அவரே சொல்லிவிடுகிறார். விருந்தினருக்கு 'ஆம்' என்று மகிழ்வதே எஞ்சுகிறது. நேயர்கள் இதனை 'எவ்வளவு நினைவாற்றல்' எனப் போற்றுகின்றனர். நாமோ, கேட்கப்படாத கேள்வியை எண்ணிச் சற்று ஏங்குகிறோம்.

ஒப்புநோக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டுகள் இரண்டு உதவும். 1955 முதல் அமெரிக்காவின் குரல் வானொலியில் ஜாஸ் இசையை வழங்கிய வில்லிஸ் கோனோவர், பிறமொழியாளரும் விளங்கிக்கொள்ளும் வண்ணம் நிறுத்தி நிதானமாகப் பேசினார். கிழக்கு ஐரோப்பாவில் அவர் பெயர் அறியாத இசைப்பிரியர் அரிது. அவ்வொலிபரப்பு அயல்நாட்டவர்க்கே உரியதென்பதால் சொந்த நாட்டில் அவரை அறிந்தவர் சிலரே. மற்றவர் மரியன் மக்பார்ட்லண்ட். அமெரிக்கப் பொது வானொலியில் 1979 முதல் முப்பதாண்டுகளுக்கும் மேலாக அவர் நடத்திய 'பியானோ ஜாஸ்' நிகழ்ச்சியில், தாமும் ஒரு பியானோவின் முன் அமர்ந்து, விருந்தினருடன் பேசியும் வாசித்தும் காட்டினார். அவர் கேள்விகள் வாழ்க்கை வரலாற்றில் நிற்காமல் தொழிலுக்குள் புகுந்தன: இந்த இடத்தில் ஏன் இந்தச் சுரம்? ஹமீதிடம் கோனோவரின் பண்பு நிறைவாக உண்டு. மக்பார்ட்லண்டின் பண்பு குறைவு. தமிழ் ஒலிபரப்பு மரபு முழுமைக்குமே இது பொருந்தும் எனலாம். நம்மிடம் புகழுரை வளர்ந்த அளவு வினா வளரவில்லை.

இனி நம்மை நேரடியாகத் தொடும் கருத்துக்கு வருவோம். 'முஸ்லிமாக இருந்தாலும் எவ்வளவு நல்ல தமிழ்!' தேநீர்க் கடையிலும் திருமண மண்டபத்திலும் நம்முள் பலர் கேட்டுப் பழகிய பாராட்டு இது. கூறுபவர் அன்போடுதான் கூறுகிறார். ஆயினும் அந்த 'இருந்தாலும்' என்னும் ஒரு சொல்லில், தமிழ் நமக்கு இரவல் உடைமை என்ற முடிவு ஒளிந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் மொழி எவரிடமிருந்து இரவல் பெறப்பட்டது? கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டி கடந்து செல்லும் தண்டையார்பேட்டையின் பெயரே, தொண்டியிலிருந்து வந்து வடசென்னையில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபை ஒட்டி எழுந்ததென்பர். நாள்தோறும் அவ்வழியே வேலைக்குச் செல்வோரும் இதை அறிவதில்லை. எனவே ஹமீதின் தமிழ் விதிவிலக்கு அன்று. ஒரு மரபின் தொடர்ச்சி. அவரை விதிவிலக்காக்கிப் போற்றும்போது மரபு மறைக்கப்படுகிறது. கொழும்பிலிருந்து ஒலித்த மற்றொரு குரலான அமீன் சயானியை (1932–2024) எண்ணிப் பார்க்கலாம். காந்தியடிகளின் ஊக்கத்தால் தம் தாயார் குல்சும் சயானி புதிதாய் எழுத்தறிந்தோருக்கென நடத்திய 'ரஹ்பர்' இதழில் உதவியபோதே எளிய ஹிந்துஸ்தானியை அவர் பயின்றார். அது இரு சமூகத்தாருக்கும் பொதுமொழி என்ற நினைவு அங்கிருந்தது. தமிழ் அதனினும் நெடிய பொதுமொழி, அந்நினைவுதான் மங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் நம் பக்கமும் ஒரு கேள்வி உண்டு. அவர் பேசும் தமிழ் யாழ்ப்பாணத்ததுமன்று, கொழும்பு முஸ்லிம்கள் வீட்டில் பேசுவதுமன்று. எவ்வட்டாரத்தையும் சாராத செந்நடை. வட்டாரமொழி அறியாதவர் அல்லர் அவர். 2000ஆம் ஆண்டின் 'தெனாலி' படத்துக்காகக் கமல்ஹாசனுக்கு ஈழத்துப் பேச்சைப் பயிற்றியவர். இலங்கை வானொலியில் முஸ்லிம் பேச்சுவழக்கு பெரும்புகழ் பெற்றது நகைச்சுவையில்தான். வானொலி நாடகமாகத் தொடங்கி 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமான படைப்பில், மரிக்கார் என்னும் முஸ்லிம் பாத்திரத்தை ஏற்றவர் எஸ். ராம்தாஸ்; ஐயராக நடித்தவர் அப்துல் ஹமீத். சமூகங்கள் ஒன்றன் நாவை மற்றொன்று இரவல் பெற்றுச் சிரித்த அக்காலத்தை இன்று நினைத்தால் ஏக்கமே மிஞ்சுகிறது. எனினும், மதிப்புக்குரிய நேரத்தில் செந்நடை, சிரிப்புக்குரிய நேரத்தில் வீட்டுமொழி என்ற பாகுபாடு நியாயமானதா? முகாமின் மூத்தோர் ஹமீதின் குரலில் தம் ஊரைக் கேட்பதாகக் கூறும்போது, அவர்கள் கேட்பது ஊரின் பேச்சை அன்று. ஊரில் கேட்ட வானொலியை.

இறுதியாக, நம் சமூகத்தினர் சிலர் கூறும் குறை: இத்தகைய ஆற்றல் திரையிசையில் செலவாகிவிட்டதே என்பது. இசை கேட்டல் குறித்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் ஒரு நூற்பகுதியையே ஒதுக்கி, மறுப்போர் கூற்றையும் ஏற்போர் கூற்றையும் விரிவாக ஆய்ந்தார். ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) கூறியதாக அவர் எடுத்துரைக்கும் கருத்தின்படி, கேட்டலுக்குக் காலமும் இடமும் தோழமையும் பொருந்த வேண்டும். வானொலி இம்மூன்றையும் கேட்பவரின் கையில் விட்டது. நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாடலை நம் இல்லங்களுக்குக் கொணர்ந்த இலங்கையின் முஸ்லிம் சேவையும், திரைப்பாடலை ஒலித்த வர்த்தக சேவையும் ஒரே பெட்டியிலிருந்தே ஒலித்தன. எதை, எப்போது, யாருடன் கேட்பது என்ற பொறுப்பு நேயருடையதாயிற்று. ஆதலின் அறிவிப்பாளரைக் குறைகூறுமுன் நேயர் தம் அதபைப் பார்த்துக்கொள்வது நலம். தாம் ஏற்ற பணியில் பிறர் பெயரை மறைக்காமலும், சொல்லைத் திரிக்காமலும், எவரையும் இழிவுபடுத்தாமலும் ஒருவர் வாழ்நாளைக் கழித்திருப்பாராயின், அப்பணியின் ஒழுக்கத்தில் மார்க்கத்தின் சாயல் படிந்திருக்கிறது என்பதே நம் தீர்ப்பு.

ஹமீத் தம் நினைவுகளை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்னும் நூலாகத் தந்திருக்கிறார். பேசியவரின் பக்கம் அவ்வாறு பதிவாகிவிட்டது. கேட்டவர்களின் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. அது ஆலை வாயில்களிலும் முகாம் திண்ணைகளிலும் பழவேற்காட்டுக் கரையிலும் முதியோரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களோடு அதுவும் மறையும். அவர்களிடம் சென்று, குரல் எப்படி இருந்தது என்று கேட்பதோடு நில்லாமல், அக்குரல் யார் யாருடைய பெயர்களை உங்களுக்குக் கற்றுத்தந்தது என்றும் கேட்டு எழுதிவைக்கும் கடமை நம் தலைமுறையினருடையது.